மணல் கலந்த சமையல்காரன்

நாட்காட்டிக் கம்பெனியில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். தினம் கிழிக்கும் தாளில் நாளுக்கு ஒரு அபூர்வ ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த கதை. மூன்றையும் சலித்து அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. சரிபார்த்தவரின் குறி தாளின் அடியில் வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். அவளுடையது மூன்று சின்னப் புள்ளிகள்.

முதலாளியைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். தின்ற எண்ணெய்க் கையைத் துடைக்காமலே தாள்களைப் புரட்டுவார். 'பிறப்பு தெரியவில்லை' என்று அவள் எழுதிய இடத்தில் அந்த விரல் வந்து நிற்கும்.

"இப்படிப் போட்டா எவன்மா வாங்குவான்? ஒரு ராஜா, ஒரு ராணி, நடுவுல ஒரு சண்டை. எடுத்து விடு."

மாட்டேன் என்றால் அவரே எழுதிக்கொள்வார். அந்தத் தாளில் அவள் குறி இருக்காது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே மகளிடம் பொருமுவாள்.

"தூ! ஊரார் காதுல பூ சுத்துறதும் ஒரு பொழப்பா? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. நாக்கு சுத்தமா இருக்கணும்."

மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிகளுக்கு நடுவே நடந்த ஆங்கிலச் சொற்போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். கோப்பைக்கு ஒரே கேள்வி பாக்கி. 'ஷெனானிகன்', அதாவது தில்லுமுல்லு. அந்தச் சொல் எப்படிப் பிறந்தது?

"யாருக்கும் உறுதியாத் தெரியாது சார்."

"தப்பு" என்றார் நடுவர். எதிரே நின்ற பையன் மடமடவென்று ஒப்பித்தான். அந்தப் பெயரில் ஒரு கப்பல் சமையல்காரன் இருந்தானாம். மாவில் மணல் கலந்தானாம். பிடித்துக் கடலில் போட்டார்களாம். கூடமே கைதட்டியது.

பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த சல்லடைக்கு உடம்பெல்லாம் கூசியது. விறுவிறுவென்று மேடைக்குப் போனாள்.

"எந்தக் குப்பைத்தொட்டியில பொறுக்கினீங்க சார் இதை? பிள்ளைங்க வாயில பொய்யை ஊட்டுறீங்களே, அருவருப்பா இல்ல?"

மகள் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றாள். நடுவர் கோபப்படவில்லை. கையிலிருந்த ஃபைலைத் திறந்து பழுப்பேறிய நாட்காட்டித் தாள் ஒன்றை நீட்டினார்.

"அச்சுலயே இருக்கேம்மா. எட்டு வருஷமா கிழிச்சுச் சேர்த்து வச்சிருக்கேன். இந்த மூணு புள்ளி இருந்தா கண்ணை மூடிட்டு நம்பலாம்."

மல்லாந்து படுத்து எச்சில் துப்பினால் எங்கே விழும்? எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, இந்த மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கடைசித் தாளில் ஒரு இடம் மட்டும் காலி. காலி விட்டால் முதலாளி வீட்டுக்கு விடமாட்டார்; 'தெரியவில்லை' என்றால் வாக்குவாதத்திலேயே நேரம் போகும். வாய்க்கு வந்த சமையல்காரனை எழுதி, மூன்று புள்ளியும் வைத்துவிட்டு ஓடினாள். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் மறந்தே போனாள்.

"இது பொய் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

சொல்லாவிட்டால் மகளின் கோப்பை போகும். சொன்னால் மானம் போகும். அவளுக்கு அவள் வாயே நாறியது.

"எழுதினது நான்தான்."

நடுவர் தாளைத் திரும்ப வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு கோப்பையை எடுத்துவந்து மகள் முன்னால் வைத்தார். மகள் அதைத் தொடவில்லை. தாளை வாங்கி, மூன்று புள்ளிகளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"வேற எதெல்லாம் பொய்ம்மா?" என்று கேட்டாள்.