தொட்டிக்குள் யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு சோப்புத் தொழிற்சாலையின் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியிலிருந்து பிறந்தது. அந்தப் பயிற்சியின் தமிழை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது 'இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமோ?' என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், தலைக்கனம்தான்.

குடும்ப நாவல் எழுதுகிறவளுக்கு அந்த வேலை எப்படி வந்தது? என் தங்கை அங்கே வேலை பார்க்கிறாள். ஊழியர்கள் எல்லோரும் ஃபோனில் பாடத்தைப் பார்த்து, கடைசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்த பாடத்தை அவள் ஒருநாள் என்னிடம் காட்டினாள். 'பராமரிப்பின்போது ஆற்றல் மூலத் தனிமைப்படுத்தலை உறுதிசெய்க' என்று இருந்தது.

"இதைப் படிச்சிட்டு ஒருத்தர் முழுசா வீட்டுக்கு வந்தா, அது அவர் அதிர்ஷ்டம்க்கா. நீ எழுதிக் குடேன்."

விஷயம் எளியது. சோப்பு கலக்கும் தொட்டி, ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை செய்யும் அளவுக்குப் பெரியது. உள்ளே சுழலும் இரும்புத் தகடுகள். பழுதுபார்க்க இறங்குகிறவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறி வந்தபின் அவரே பூட்டை எடுக்க வேண்டும். வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. நான் இப்படி எழுதினேன்:

பூட்டு தொங்குகிறதா? உள்ளே ஆள் இருக்கிறார்.

பாதுகாப்பு அதிகாரி தலையைச் சொறிந்தார். "மேடம், சில சமயம் உள்ள ஆள் இருக்க மாட்டாரே. டீ குடிக்கப் போயிருக்கலாம்."

"அப்படி எழுதினா, எப்பவுமே டீ குடிக்கத்தான் போயிருக்கார்னு நெனச்சுக்குவாங்க சார்."

அவர் ஒப்புக்கொண்டார்.*

* ஆனால் பாடத்தில் வரும் 'ஊழியர் ஆ' என்பவருக்கு நான் அமைத்துக் கொடுத்திருந்த காதல் மனைவியை நீக்கிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. நல்ல பெண் அவள்.

2

இனி கதை.

'மழை விட்ட அந்த மாலைப் பொழுதில், அவள் விழிகளில் தேங்கியிருந்த…'

(இல்லை. இது என் கை தானாக எழுதுவது. அன்றைக்கு மழை இல்லை. அவள் விழிகளில் தூக்கக் கலக்கம்தான் தேங்கியிருந்தது.)

'கணவனும் மனைவியும் பூட்டும் சாவியும் போல…'

(இந்த உவமை உங்களுக்கும் தோன்றியிருக்கும். வழியில் கிடந்தது, நானும் பார்த்தேன். காலில் படாமல் சுற்றிப் போய்விடுவோம்.)

என் தங்கையும் அவள் கணவரும் பேசிக்கொள்வதில்லை.

இது போதும். இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

தங்கை மதிய ஷிஃப்டின் பொறுப்பாளர். பொறுப்பு புதிது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதே இடத்தில் காலை ஷிஃப்டில் ஃபிட்டர். இவர் வெளியே வரும்போது அவள் உள்ளே போவாள். கேட்டருகில் ஒரு சிரிப்பு, ஒரு சாப்பாட்டுப் பை கைமாறுவது, அவ்வளவுதான் பகலில் அவர்களுடைய இல்லறம்.

பயிற்சி வந்ததும் ஃபிட்டர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். ஃபோனை வீட்டில் கொடுத்துவிட்டார்கள். மனைவிமார் அடுப்படியில் வீடியோவை ஓடவிட்டு, நடுநடுவே கை துடைத்துக்கொண்டு வந்து பதிலை அழுத்தினார்கள். ஒரு ஃபிட்டரின் மகள், பள்ளிக்கூடத்துப் பெண், அப்பாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தாள். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளையும் ஃபோனை நீட்டினார்.

"நீயே முடிச்சிடும்மா. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

"தொட்டிக்குள்ள நானா இறங்கப் போறேன்?"

"எல்லார் பொண்டாட்டியும் முடிச்சுக் குடுக்கறாங்க."

"எல்லார் பொண்டாட்டியும் பொறுப்பாளரா?"

"ஓ! அப்ப இனிமே மேடம்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு, முதல் பாடத்தை ஆரம்பிங்க."

அவர் கேன்டீனில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "சத்தம் போடாதீங்கடா, படிப்பாளிக்குப் பரீட்சை" என்றார்கள். முதல் தடவை தோற்றார். "என்னப்பா, சொந்தமா எழுதினா இப்படித்தான் ஆகும்" என்றார் ஒருவர். இரண்டாவது தடவை தேறினார். வீட்டுக்கு வந்து பேச்சை நிறுத்திவிட்டார்.

(இங்கே எனக்கு ஒரு தயக்கம். எழுத எழுத மாப்பிள்ளை முரட்டு ஆளாகிக்கொண்டு வருகிறார். அவர் அப்படி இல்லை. பேசாமல் இருந்த நாட்களிலும் அவளுடைய யூனிஃபார்மை அவர்தான் தேய்த்து மாட்டிவைத்தார். காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாராம். வாய் மட்டும்தான் கோபித்துக்கொண்டிருந்தது.)

4

அந்த நாள். காலையில் தொட்டிக்குள் தகடு ஒன்று தளர்ந்து ஆடியது. மாப்பிள்ளை ஸ்விட்சை அணைத்தார், தன் பூட்டைப் போட்டார், இறங்கினார், போல்ட்டுகளை மாற்றினார், ஏறி வந்தார். அந்தத் தளத்தில் ஒருவர் பாடத்தில் சொன்னபடி பூட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை. பரீட்சையைச் சொந்தமாக எழுதிய ஒரே ஆள் அவர்தானே.

ஷிஃப்ட் மணி அடித்தது. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டுப் போடும் பழக்கம் வந்திருந்தது. எடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

தங்கை வந்து பார்க்கிறாள். பூட்டு தொங்குகிறது. அதோடு தொங்கும் அட்டையில் அவள் கணவரின் படம். தொட்டி ஓடாவிட்டால் சோப்பு இல்லை. கேட்டில் லாரி பாதிச் சுமையோடு நிற்கிறது. ஃபோன் அடிக்கிறாள். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறாள். எடுக்கவில்லை.

மேலாளர் வந்தார். பின்னாலேயே ஒருவர் பூட்டு வெட்டும் கருவியோடு வந்தார்.

"கேட் கேமராவைப் பார்த்தாச்சு. உங்க வீட்டுக்காரர் வெளிய போயிட்டார். வெட்டச் சொல்லுங்க."

"அவரே வந்து எடுக்கணும் சார்."

"உள்ள யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் சார்."

"அப்புறம் என்னம்மா? இந்தப் பூட்டே போடாம இருந்திருந்தா இந்நேரம் தொட்டி ஓடிட்டிருக்கும்!"

"இன்னைக்கு நாம தெரிஞ்சு வெட்டுவோம். நாளைக்கு இன்னொருத்தர் தெரிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டு வெட்டுவார்."

மேலாளர் கெட்டவர் இல்லை. லாரிக்காரரும் மேலிடமும் மாறி மாறி அவர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த வாரம் உங்க பொறுப்பைப் பத்தி மேல பேசப் போறோம். லாரி ஏன் பாதியோட போச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பூட்டு தொங்கிச்சு, உள்ள ஆள் இருந்தார்னு சொல்லுங்க சார்."

கருவியோடு நின்றவர் அவளைப் பார்த்தார். "அண்ணே, கை வலிக்கும், அதைக் கீழ வைங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்விட்சுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்றபடியே எனக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, எழுதிட்டிருக்கறதை அப்படியே போட்டுட்டு எங்க வீட்டுக்கு ஓடு. அவர் பூட்டுச் சாவியோட இங்க வரணும்."

5

அடுத்த தெருதான். ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்வது நாவலாசிரியர்களுக்கு உள்ள சலுகை.

மாப்பிள்ளை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் புன்னகை வேறு.

"ஃபோன் அடிக்குதே மாப்பிள்ளை, எடுக்கக் கூடாதா?"

"உங்க தங்கச்சிதான் அக்கா. சமாதானத்துக்கு வர்றா. இன்னும் ரெண்டு தடவை அடிக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."

"காலையில போட்டிருந்த பேண்ட் எங்க?"

"எதுக்குக்கா?"

"எங்க, சொல்லுங்க."

அது அவர் கையில்தான் இருந்தது, சொட்டச் சொட்ட. பைக்குள் கையை விட்டார். சாவி வந்தது. தொழிற்சாலையின் சோப்பிலேயே நன்றாகத் துவைக்கப்பட்டு, பளபளவென்று வந்தது. அவர் முகத்தில் ஓடியதை வர்ணிக்க எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் காதல் காட்சிகளுக்கானவை.

படியிறங்கும்போது, "அக்கா, ரொம்பக் கோபமா இருக்காளா?" என்று கேட்டார்.

"போய்ப் பாருங்க."

அங்கே நடந்ததைப் பலர் எனக்குச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன். அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அவள் ஸ்விட்ச் முன்னாலிருந்து நகரவில்லை.

"ஃபோனை எடுக்க மாட்டீங்களா?"

"சமாதானத்துக்குக் கூப்பிடறேன்னு நெனச்சேன்."

"அதுக்கும் எடுக்க மாட்டீங்களா?"

சுமை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். மேலாளர்கூட மீசைக்குள் சிரித்ததாக ஒரு கட்சி உண்டு. மாப்பிள்ளை தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, குரல் கொடுத்து, மறுபடி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பூட்டைத் தானே திறந்தார். பிறகு எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுதுதான் மேடம்" என்றார். அந்த மேடத்தில் இப்போது கேலி இல்லை.

அவள் அருகில் வந்து மெல்லச் சொன்னாள்: "சட்டைத் தோள்ல துணி கிளிப்பு மாட்டியிருக்கு. எடுங்க."

லாரி அதற்குள் பாதிச் சுமையோடு போய்விட்டிருந்தது.

6

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தி இல்லை. கிளிப்பில் போய் முடிகிறதே என்று இருந்தது. என் வாசகர்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் பழகியவர்கள். கதவருகே நிற்கும் மனைவி, வெளியே வரும் டாக்டர், கடைசியில் ஒரு விரலசைவு. எழுதி எழுதி எனக்கும் அப்படித்தான் பழக்கம். விபத்து நடந்தால் அதைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நடக்காமல் போன விபத்தை யார் பார்த்தது? அதை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

ஆகவே உட்கார்ந்து இதை எழுதினேன்:

'வெட்டும் கருவியின் பற்கள் பூட்டைக் கவ்விய அந்தக் கணத்தில், தொட்டியின் அடியிலிருந்து மெலிதாக ஒரு குரல். துப்புரவு செய்யும் பெண், யாருக்கும் தெரியாமல் உள்ளே இறங்கி…'

தங்கை அன்று வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தவள் நாற்காலியையே உலுக்கிவிட்டாள்.

"யாருக்கா இது?"

"ஒரு பொண்ணு. உள்ள இருக்கா. நீ அவளைக் காப்பாத்தறே. உனக்கு நல்லதுதானே?"

"உள்ள யாரும் இல்லக்கா."

"கதைக்காகத்தான்டி."

"உள்ள ஒரு ஆள் இருந்து, நான் வெட்ட விடாம நின்னிருந்தா, எல்லாரும் கைதட்டுவாங்க. அந்த மேலாளரே மாலை போடுவார். யாரும் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சும் நின்னேன் பாரு, அதுதான் நான் செஞ்சது. நீ உள்ள ஒரு ஆளைப் போட்டேன்னா நான் செஞ்சதை நீ திருடறதா அர்த்தம்."

துப்புரவுப் பெண்ணை வெளியே ஏற்றிவிட்டேன். அந்த வரியை மட்டும் நீங்கள் பார்க்கட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இப்போது என் தலைக்கனத்துக்கு வருகிறேன். என் நாவல்களைப் படித்து அழுதேன் என்று சொன்னவர்கள் உண்டு. பெண்ணுக்கு என் கதாநாயகியின் பெயரை வைத்தவர்களும் உண்டு. ஆனால் நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இரைச்சலுக்கும் லாரிக்கும் மேலாளருக்கும் நடுவில் தன் வேலையையே பந்தயம் வைத்து ஒருத்தி நின்றது அந்த ஒரு தடவைதான். அதுவும் பூட்டு, தொங்குதல், உள்ளே, ஆள் என்று நாலைந்து சாதாரணச் சொற்கள். அதில் என் பெயர்கூடக் கிடையாது. தங்கையை நினைத்தால் இன்னும் பெருமை. அவளை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன் என்று தொழிற்சாலை கேட்டில் நின்று சொல்ல ஆசை. சொல்லியும்விட்டேன். காவலாளி, "சரிங்கம்மா, ஓரமா நில்லுங்க, வண்டி வருது" என்றார்.

7

முடிவு.

(முடிவு ஒன்று: கூட்டத்தில் மேலாளர் எழுந்து, "அந்தம்மா செஞ்சதுதான் சரி" என்கிறார். பொறுப்பு நிரந்தரமாகிறது. மாப்பிள்ளை…)

(முடிவு இரண்டு: பொறுப்பு போய்விடுகிறது. அவள் பழையபடி பேக்கிங்கில் நிற்கிறாள். மாப்பிள்ளை அவளுடைய பழைய யூனிஃபார்மைத் தேடியெடுத்து…)

அவளுடைய பொறுப்பைப் பற்றிப் பேசும் கூட்டம் நாளைக்கு. ஒருநாள் பொறுத்திருந்தால் நடந்ததையே எழுதிவிடலாம். அப்படித்தான் செய்யப் போகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் இரண்டு அடைப்புக்குறிகளையும் படித்தாள்.

"இன்னைக்கே முடிச்சிடுக்கா. நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்காதே."

"ஏன்டி? என்ன ஆச்சுன்னு படிக்கறவங்க கேக்க மாட்டாங்களா?"

"பொறுப்பு கெடைச்சுதுன்னு எழுதினா, அப்ப அவ நின்னது சரிதான்னு சொல்லுவாங்க. போயிடுச்சுன்னு எழுதினா, பாவம், அநியாயமா நின்னுட்டாளேம்பாங்க. ரெண்டும் உள்ள ஆள் போடற வேலைதான்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. ராத்திரி தூங்கலை. அவரும் தூங்கலை. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடும்ப நாவல் எழுதும் அக்காவுக்குத் தீனி போட்டுவிட்டோமே என்ற வெட்கம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

ஆகவே வாசகரே, நாளைய கூட்டத்தை உங்களிடம் விடுகிறேன். எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்று தோன்றினாலும் சரி. தொட்டிக்குள் மட்டும் யாரையும் இறக்கிவிடாதீர்கள். அன்று அது காலியாகத்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியும்.

அவள் கண்ணாடி முன் நின்று காலரைச் சரிசெய்தாள். அருமையாகத் தேய்த்த காலர். இன்றைக்காவது விடுப்புப் போட்டிருக்கலாமே என்றேன்.

"நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது. இன்னைக்கு ஷிஃப்டுக்கு நான்தான்க்கா பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.