ரத்னா வீட்டுக் குப்பைமேடு

1.

இந்தக் கதை நாற்றத்தில் பிறந்தது. படப்பைக்குப் பக்கத்தில் எங்கள் மனைப்பிரிவில், எழுதுவதற்கென்று ஜன்னலோரம் மேசை போட்டேன். ஜன்னலைத் திறந்தால் மாடு வளர்க்கும் ரத்னாவின் சாணிக் குவியல். மூடினால் புழுக்கம். மூடியும் திறந்தும் எழுதியது இது.

2.

முதல் தொடக்கம்: பச்சைப்பசேல் வயல்களுக்கு நடுவே ரத்னாவின் மாடுகள்...

(வயலாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: முன்பெல்லாம் விவசாயிகள் ரத்னாவுக்கு வைக்கோல் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் குப்பையை* வண்டியில் அள்ளிப் போவார்கள். வயலெல்லாம் மனையான பிறகு வைக்கோலுக்கும் காசு, சாணியை அப்புறப்படுத்தும் டிராக்டருக்கும் காசு. பால் காசு இதற்கே போதவில்லை. படித்தால் பால் சங்க அறிக்கை மாதிரி இருக்கிறது. என்ன செய்ய, கதையே அதுதான்.

*குப்பை என்றால் இங்கே மாட்டெரு. முகம் சுளிக்க வேண்டாம்.

3.

வில்லன் வேண்டுமே என்று எங்கள் மனைச் சங்கச் செயலாளர் பாண்டுரங்கனைப் போட்டேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். குவியலை எடுக்காவிட்டால் பஞ்சாயத்தில் புகார் கொடுப்பேன் என்று ரத்னாவிடம் சொன்னவர். எடுக்க வழியில்லாமல் மாடுகளையே விற்றுவிட முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தரகர் வருகிறார். அவள் அழுதாள் என்று எழுதப் போனேன். அழவில்லை, திட்டினாள். (அச்சில் போட முடியாது.)

இந்த இடத்தில் பாண்டுரங்கன் என் கதையைக் கெடுத்தார். வெள்ளிக்கிழமை அவர் புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் வேண்டுமென்று ரத்னா வாசலிலேயே போய் நின்றார். நான் கற்பனை செய்திருந்தால், இது ரொம்ப ஓவர் என்று நானே அடித்திருப்பேன்.

"மாடு மட்டும் தனியா வராது சார். சாணியும் கூடவே வரும்," என்றாள் ரத்னா.

"போட்டா நல்லதும்மா. மகாலட்சுமி," என்றார் அவர், சிரிக்காமல்.

4.

முடிவு ஒன்று: ரத்னா மறுத்துவிடுகிறாள். (வருகிற காசை வேண்டாம் என்கிற நிலையிலா இருக்கிறாள்?)

முடிவு இரண்டு: பாண்டுரங்கன் மனம் திருந்தி... (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

நடந்த வரைக்கும் சொல்கிறேன். பசு புதுவீட்டுக்குள் போனது. டைல்ஸில் கால் வழுக்கித் தடுமாறி நின்று, ஹால் நடுவே தாராளமாகப் போட்டது. எல்லோரும் கும்பிட்டார்கள். பாண்டுரங்கனின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பூஜை முடிந்ததும் ரத்னா அதை வாளியில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இத்த எங்க சார் கொட்றது?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம், எழுதுகிறவனாயிற்றே என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். வாளியோடு நிற்கிறாள்.