ஞாயிற்றுக்கிழமை வராத இளைப்பு

பலவேசத்தின் மாவு மில் குத்துக்கல்வலசையில் இருக்கிறது. முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. ஒரு மெஷினில் அரிசியும் கோதுமையும் திரிப்பார்கள், இன்னொன்றில் மிளகாய் வத்தலும் மல்லியும். பதினைந்து வருடம் அவனும் சுடலைமணி என்ற வேலையாளும்தான் பார்த்துக்கொண்டார்கள். சுடலைமணி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்ட பிறகு, பலவேசத்தின் மனைவி காளீஸ்வரி மெஷின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. மகள் திருநெல்வேலி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போயிருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று அவளேதான் சொன்னாள்.

ஏழெட்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு தும்மல் ஆரம்பித்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் இருபது முப்பது தும்மல் தும்முவாள், மூக்கு ஒழுகும். அதற்கப்புறம் இருமல். ஆனி மாதம் சாரல் விழுந்தபோது, படுத்தால் நெஞ்சுக்குள் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது.

"குற்றாலத்துக் காத்துட்டி. சீசன் முடிஞ்சா போயிரும்" என்றான் பலவேசம். மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கிக் கொடுத்தான். அருவிக்குப் போகாதே, தலைக்கு ஊற்றாதே என்றான். அக்கறையாகத்தான் இருந்தான், அந்த வருடம்.

சீசன் முடிந்தது. கார்த்திகை போய், தை போய், பங்குனி வெயிலும் வந்துவிட்டது. இளைப்பு மட்டும் போகவில்லை. நாலு டின் மாவு திரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்குவாள். வெளியே டின்னுடன் ஆட்கள் நிற்பார்கள்.

அப்போதுதான் பலவேசம் ஒன்றைக் கவனித்தான். மில் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு மூச்சு சீராக இருந்தது. அதற்கு முன் பொங்கலுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். மூன்றாம் நாளே இருமல் நின்று, தம்பி பிள்ளைகளோடு வயல் வரப்பில் ஓடி விளையாடியதை அவனே பார்த்தான். திரும்பி வந்து மெஷினைத் தொட்ட மறுநாள் பழைய கதை.

அவன் அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டான். வேலை என்றால் வருகிறது, அம்மா வீடு என்றால் போய்விடுகிறது.

"நடிக்கியா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டான். "எங்க வம்சத்துலயும் கெடையாது, ஒங்க வம்சத்துலயும் கெடையாது. சின்னப் புள்ளயில வராத இளைப்பு நாப்பது வயசுலயா வரும்?"

அவள் எழுந்துபோய் அடுத்த டின்னை எடுத்துக் கொட்டினாள்.

அடுத்த மாசி மாதம் ரூபி என்ற நர்ஸ் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பதாகச் சொன்னாள். பலவேசம் நாற்காலி போட்டான்.

"வீட்டுல யாராவது பீடி சிகரெட் குடிப்பாங்களா அக்கா?"

"இல்ல."

"வெறகு அடுப்பு? கொசுவத்தி?"

"வெறகு இல்ல. கொசுவத்தி உண்டு."

"போன ஒரு வருசத்துல மூச்சு விடும்போது நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் வந்திருக்கா?"

காளீஸ்வரி பலவேசத்தைப் பார்த்தாள். அவன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் இருமிவிட்டாள். ரூபி பதிவதை நிறுத்தினாள். "வேலை இல்லாத நாள்ல எப்படி இருக்கும் அக்கா? கொறையுமா?"

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா வீட்டுக்குப் போனா கொறையும்னு எழுதிக்கிடுங்க. அங்கன போனா ஓட்டப்பந்தயமே ஓடுவா."

ரூபி சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அக்காவ ஒரு தடவ நெஞ்சு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. ஊதிப் பாக்குத டெஸ்ட் ஒண்ணு இருக்கு, பத்து நிமிசம்தான்" என்று சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தாள். பலவேசம் அதை மேசை டிராயரில் போட்டான். மில்லில் கூட்டம் குறையட்டும், போகலாம் என்று நினைத்தான். கூட்டம் குறையவில்லை. அவனும் போகவில்லை.

அந்த ஆடி மாதம் அருவிகளில் நல்ல தண்ணீர். காளீஸ்வரியின் தம்பி விஜய்பாண்டி போலீஸ்காரன். அவனுக்கு ஒரு ஞாயிறு லீவு கிடைத்ததும், எல்லோரும் ஐந்தருவிக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆனால் அன்றைக்குக் காலையில் ஒரு கல்யாண வீட்டு வத்தல் இரண்டு மூட்டை வந்து இறங்கியது.

"நாளைக்குத் திரிப்போம்ங்க" என்றாள் காளீஸ்வரி. "நேத்தே நெஞ்சு அடைப்பா இருந்துச்சு."

"அருவிக்குப் போக நெஞ்சு அடைக்கல, வத்தல் திரிக்க மட்டும் அடைக்குதோ?"

அவள் சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை இரண்டு பேரும் திரித்தார்கள். அவனுக்கும் கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. ஆனால் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. தனக்கு ஒன்றும் ஆகாதது அவளுக்கு மட்டும் ஆகும் என்று அவனால் நம்ப முடியவில்லை.

மூன்று மணிக்கு ஐந்தருவியில் வேனை விட்டு இறங்கியபோதே அவள் நடை தளர்ந்திருந்தது. மழையா சாரலா என்று தெரியாதபடி பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"நீங்க போங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன்."

"வந்த எடத்துலயும் ஆரம்பிச்சிட்டியா" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலவேசம் போனான். அரை மணி நேரம் அருவியில் நின்றான்.

திரும்பி வரும்போது ஒரு சிப்ஸ் கடை முன்னால் கூட்டம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. உதடு கறுத்திருந்தது. "காளி" என்றான். அவள் வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. அந்தக் கண்களைப் பார்த்தபோது, இது நடிப்பில்லை என்று பலவேசத்துக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

கடைக்காரர் பாரூக், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "மெதுவா உள்ள இழுங்கம்மா. இன்னொண்ணு. பயப்படாதீங்க." பிறகு பலவேசத்தைப் பார்த்து, "ஒங்க வீட்டம்மாவா? மருந்து ஒண்ணும் கொண்டு வரலியா?" என்றார்.

"மருந்தே எடுக்கலியே" என்றான் பலவேசம்.

"எனக்கு எண்ணெய்ப் பொகையில வந்துச்சு, நாப்பத்தஞ்சு வயசுல. இந்த வரிசையில மட்டும் எங்க மூணு பேருக்கு இருக்கு. யாரும் வெளிய சொல்லிக்கிடுதது இல்ல. கெளம்புங்க, நிக்காதீங்க."

அவரே அந்த இன்ஹேலரை, பின்னாலேயே வந்த விஜய்பாண்டியின் கையில் திணித்தார். சீசன் கூட்டத்தில் வேன் நகரவில்லை. விஜய்பாண்டி இறங்கி முன்னால் ஓடி, வண்டிகளை ஒதுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வழி எடுத்தான். பலவேசம் ஈரத் துண்டோடு அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான். அவளுடைய முதுகுக்குள் கேட்ட சத்தம் அவன் நெஞ்சில் இடித்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் அவள் ஐந்து நாள் இருந்தாள், முதல் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில். மூன்றாம் நாள் பெண் டாக்டர் ஒருவர் பலவேசத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். எப்போது ஆரம்பித்தது, எந்த வேலை, எத்தனை மணி நேரம், ஜன்னல் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"எப்போ கொறையும்?" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கெழம கொறையும் டாக்டர். அம்மா வீட்டுக்குப் போனா இருக்கவே இருக்காது."

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதத்தான் நாங்க மொதல்ல கேப்போம். வேலை எடத்துல கூடி, லீவுல கொறஞ்சா, அந்தத் தூசிதான் காரணம்னு சந்தேகப்படணும். பெரியவங்களுக்குப் புதுசா ஆஸ்துமா வரும். மாவுத் தூசி, வத்தல் நெடி, மரத்தூள், பெயின்ட், இப்படி எத்தனையோ. ஒரே எடத்துல பத்து பேர் நின்னாலும் ஒருத்தருக்கு வரும், மத்தவங்களுக்கு வராது. எவ்வளவு நாளா இதக் கவனிச்சிருக்கீங்க?"

"ஒண்ணர வருசம் இருக்கும்."

"ஆரம்பத்துலயே வெலகியிருந்தா பாதிப்பேருக்காவது நல்லா கொறைஞ்சிரும். இப்ப சொல்ல முடியாது. மருந்து தெனமும் எடுக்கணும். மில்லுக்குள்ள அவங்க இனி கால் வைக்கக் கூடாது."

பலவேசம் தலையை ஆட்டினான். வராந்தாவுக்கு வந்து சுவரோடு நின்றான். நோயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் அத்தனை நாளும் அவன் கண்முன்னால்தான் இருந்தது. வேறு யாரும் அவ்வளவு உன்னிப்பாக அவளைக் கவனித்ததில்லை. அவளைக் குற்றம் சொல்வதற்காகக் கவனித்திருந்தான்.

காளீஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுந்தரபாண்டியபுரம் போனாள். பலவேசம் சுடலைமணியைக் கெஞ்சிக் கூட்டி வந்தான். மில்லின் பின்சுவரை உடைத்துத் தூசியை இழுக்கும் பெரிய ஃபேன் வைத்தான், வத்தல் மெஷினைத் தகரத்தால் மூடினான். மாஸ்க் போடாமல் மெஷின் பக்கம் போகக்கூடாது என்றான். சுடலைமணி ஒரு நாள் இருமியபோது, "வீட்டுக்குப் போனா நிக்குதாலே? சரியா யோசிச்சுச் சொல்லு" என்று விடாமல் கேட்டான். சுடலைமணி அவனை வினோதமாகப் பார்த்தான்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. முன்பு இரண்டு நாளில் போன இளைப்பு, இப்போது மாவுத் தூசியே படாத ஊரிலும் அவளை விடவில்லை. ஊதுபத்தி ஆகாது, ஈரக்காற்று ஆகாது. காலையும் மாலையும் மருந்தை உள்ளிழுத்து வாய் கொப்பளிக்கிறாள்.

ஞாயிறுதோறும் பலவேசம் போகிறான். போகும்முன் தலைக்குக் குளித்து, மில் வாடை படாமல் தனியாக வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொள்கிறான். போன வாரம் இருவரும் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தார்கள். நூறு அடி போனதும் அவள் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனும் நின்றான்.

"காளி, நான் ஒன்ன நம்பியிருக்கணும்" என்றான். ஆறு மாதமாகச் சொல்ல நினைத்த சொல்.

அவள் சுவரை விடாமல் இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்து விட்டாள்.

"நீங்க நம்பலங்கது தெரியும். அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன்" என்றாள். "நீங்க சொல்லிச் சொல்லி, நெசமாவே நாமதான் நடிக்கோமோன்னு எனக்கே தோணிருச்சு. அன்னைக்கு அந்த நர்ஸ் புள்ளட்ட இல்லன்னு சொன்னது ஒங்களுக்குப் பயந்து மட்டுமில்ல."

பலவேசம் அவள் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள்.