முதல் துண்டு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்த மூன்று வாரமும் சலவைக்கூடத்தில் நான் உதறிய விரிப்புகள் கிழியாமல் தப்பியதே பெரிய விஷயம்.

என் நாத்தனாரின் வலது கையில் மூன்று விரல்களை ரோலர் மெஷின் நசுக்கிவிட்டது. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தேய்த்துத் தள்ளும் மெஷின் அது. கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஓர் இரும்பு மூடி உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றி வைத்தவன் எங்கள் சூப்பர்வைசர். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். விபத்து நடந்த அன்றே மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு, அவளே கழற்றிக் கையை விட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவள் தப்பு என்று முடிவானால் அவளுக்கு வேலையும் கிடையாது, வைத்தியமும் கிடையாது.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு வருகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. "நீ தமிழ்லயே சொல்லும்மா, நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்" என்றான் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே. பாலுக்குப் பூனை காவலாம்.

அன்று சாயங்காலமே ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். "நம்ம பேச்சுல என்ன செஞ்சாங்கங்கறது கடைசியில வரும்மா. இங்கிலீஷ்ல யாருன்னு முதல்ல சொல்லணும், உடனே என்ன செஞ்சார்னு சொல்லணும்" என்றாள். ஹேஸ், ஹேவ் எல்லாம் எதற்கு என்று கேட்டேன். "நடந்து முடிஞ்சிருக்கும், ஆனா அதோட பலன் இன்னைக்கும் நம்ம முன்னால நிக்கும். அப்போ போடுவோம்." நாத்தனாரின் கட்டுப்போட்ட கை நினைவுக்கு வந்தது. நன்றாகவே புரிந்தது.

புரிந்தது மண்டைக்குத்தான், நாக்குக்கு இல்லை. சூப்பர்வைசர் மூடியைக் கழற்றிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லப் போனால், மூடிக்கான கவரை முன்னால் வைத்து ஹேஸைக் கடைசியில் தள்ளினேன். அதனால், விரிப்பு மூட்டைகளில் கட்டுகிற அடையாளத் துணித்துண்டுகளை எடுத்து, அழியாத மையால் துண்டுக்கு ஓர் ஆங்கில வார்த்தை எழுதினேன். சூப்பர்வைசர். ஹேஸ். ரிமூவ்ட். தி. கவர். சாப்பாட்டு நேரத்தில் மேஜைமேல் கலைத்துப் போட்டு அடுக்குவேன். மறுபடி கலைப்பேன், அடுக்குவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"விட்டுடுங்க அண்ணி. உங்க வேலையும் போயிடும்" என்றாள் நாத்தனார், இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டபடி.

"போனா போகட்டும். நீ பேசாம சாப்பிடு" என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவள்மேல் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

விசாரணை நாள் காலையில் கடைசியாக ஒருமுறை அடுக்கினேன். சூப்பர்வைசர் வந்து நின்று படித்தான். "அடேயப்பா, இங்கிலீஷெல்லாம் பலமா இருக்கே" என்று சிரித்து, துண்டுகளைக் கையால் அளைந்து கலைத்துவிட்டுப் போனான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். இருந்ததை வாரிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அதிகாரி ஏதோ கேட்டார். "என்ன பார்த்தேன்னு கேக்கறார். தமிழ்லயே சொல்லு" என்றான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர்.

நான் துண்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினேன். ஹேஸ். ரிமூவ்ட். தி. கவர். முதல் துண்டைக் காணோம். பையைத் தலைகீழாக உதறினேன், இல்லை. ஹேஸுக்கு முன்னாலிருந்த காலியிடத்தில் அதிகாரி பேனாவை வைத்து, "ஹூ?" என்றார். யார் என்று கேட்கிறார்.

சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பையின் ஓரத்தில் வெள்ளைத் துணி கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

மூன்று வாரக் கோபமும் கைக்கு வந்தது. எழுந்து போய் அந்தச் சட்டைப்பைக்குள் விரலை விட்டு, துண்டை உருவி, அதன் இடத்தில் வைத்தேன். அதிகாரி ஒவ்வொரு துண்டாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்.