ரெஜிஸ் நிலத்து கேட்

சனிக்கிழமை பிற்பகல் ரெஜிஸ் போன் செய்தபோது அர்மெல், மோன்வால் ஊரின் பழைய சந்தை மண்டபத்தில் நின்று கணவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் முந்நூறு சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையைத் தூண்களுக்கு நடுவில் போடுவதா, தேவாலயத்துச் சுவர் ஓரமாகப் போடுவதா என்பதுதான் சண்டை. சுவர் ஓரமாகப் போட்டால் பருப்பு சாலட்டும் ஆட்டுப்பால் சீஸும் வெயிலில் கெட்டுப்போகும் என்றான் கணவன் சிரில். அர்மெல் தூண்களுக்கு நடுவே சைக்கிளை நிறுத்த வேண்டாமா என்றாள்.

"உன் ஆளுங்க என் கேட்டுல கைவெச்சிருக்காங்க. வந்து பாரு," என்றான் ரெஜிஸ். வைத்துவிட்டான்.

மறுநாள் சைக்கிள் ஓட்டத்தின் பாதையில்தான் ரெஜிஸின் கேட் இருந்தது. குளிர்காலம் முழுக்க அவள் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுச் சேர்த்த பாதை அது. கால்வாய்க் கரை, தண்டவாளம் பிடுங்கப்பட்ட பழைய ரயில் பாதை, இரண்டு பக்கமும் முள்வேலிச் செடி மண்டிய மாட்டுத் தடங்கள், மடாலயத்து மதில், அப்புறம் மோன்வாலின் கல் பாவிய தெருக்கள். எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ரெஜிஸின் மேய்ச்சல் நிலம் கிடந்தது. அதன் வழியாகப் போக முடியாவிட்டால் கீழே தார் ரோட்டில் இறங்கி மில் வளைவைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மில் வளைவில்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வேன் சிரிலைத் தூக்கி எறிந்தது. இடுப்பில் இன்னும் ஆணிகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு அவன் சைக்கிளில் ஏறவில்லை. "கொஞ்ச தூரம்தானே, ரோட்டுலயே விட்டுடலாம்," என்று சைக்கிள் சங்கத்தில் சொன்னவர்களை அர்மெல் பார்த்த பார்வையில் யாரும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தான் கூப்பிட்டு வந்த ஒரு ஆளைக்கூட அந்த வளைவுக்கு அனுப்ப அவளால் முடியாது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலோடு ரெஜிஸ் வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் குடித்துக்கொண்டே அவளுடைய கிராவல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இது என்ன, ரோட்டு சைக்கிளா, மலை சைக்கிளா?"

"ரெண்டுக்கும் நடுவுல. மண்ணு, சரளை எல்லாத்துலயும் போகும்."

"ரெண்டுக்கும் உதவாதுன்னு சொல்லு." இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான். "சரி, போறவங்க போகட்டும். ஆனா என் மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வழியும் போச்சு."

அன்றைக்கே அர்மெல் ஒரு பலகை எழுதி அவன் கேட்டில் மாட்டினாள். 'தயவுசெய்து கேட்டை மூடிவிட்டுச் செல்லவும்.' கீழே நீளமான கண்ணிமையோடு ஒரு வெள்ளைப் பசுவும் வரைந்திருந்தாள்.

இப்போது காட்டுப் பாதையில் வேகமாக மிதித்துக்கொண்டே மன்னிப்பு வாசகங்களை மனதுக்குள் அடுக்கினாள். இது லியோன் நகரத்துச் சைக்கிள்காரர்கள் வேலை, சந்தேகமே இல்லை. இரண்டு வாரமாகவே பாதையை முன்கூட்டிப் பார்க்கிறோம் என்று வந்துகொண்டிருந்தார்கள். உடம்போடு ஒட்டின சட்டை, முகத்தை மறைக்கிற கண்ணாடி. கேட்டைத் திறக்கத் தெரிகிறது, மூடுவதற்கு மட்டும் கை வராது.

போய்ப் பார்த்தால் அவள் நினைத்தபடியே கேட் விரியத் திறந்து கிடந்தது.

"திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களா? மன்னிச்சுக்க ரெஜிஸ், இவனுங்களுக்கு எத்தன தடவ..."

"திறந்து போட்டது நான்," என்றான் ரெஜிஸ். "மூடினதுதான் அவங்க."

அர்மெலுக்குப் புரியவில்லை.

"மேல குட்டை காஞ்சுபோச்சு. தண்ணி கீழ ஆத்துலதான் இருக்கு. அதான் வியாழக்கிழமை கேட்டைத் திறந்து கயித்தால கட்டி வெச்சேன். எவனோ கயித்த அவுத்து, கேட்டை மூடி, கொக்கியும் மாட்டிட்டுப் போயிருக்கான். ரொம்ப மரியாதக்காரன். காலைல நான் அந்தப் பக்கத்து நிலத்துல புல்லு அறுத்துட்டு இருந்தேன். வந்து பாத்தா மொத்த மாடும் இங்க நெருக்கிக்கிட்டு நின்னு கத்துது. வயலெத் முள்ளுக்கம்பியப் பிச்சுக்கிட்டு ஆத்துக்குப் போயிருக்கா."

வயலெத் என்பது அவனுடைய மாடுகளில் மூத்தது. வேலியோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மடியில் தையல் போட்டிருந்தது. கால்நடை மருத்துவர் அப்போதுதான் போயிருந்தார்.

"பொழச்சுக்குவா. ஆனா கன்னுக்குட்டிய கிட்ட சேக்க மாட்டேங்குறா."

அர்மெல் கேட்டைப் பார்த்தாள். பலகை மாட்டிய ஆணியில் நீல நைலான் கயிறு எட்டு வடிவத்தில் சுற்றி, அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சுற்றியதுதான். நேற்று சாயங்காலம் பாதையைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க வந்தவள், கேட் திறந்திருப்பதைக் கண்டு "எந்த மடையன் இது?" என்று சத்தமாகவே திட்டினாள். கயிற்றை அவிழ்த்து, கேட்டை மூடி, சாய்ந்திருந்த பலகையையும் நேராக்கிவிட்டுத்தான் போனாள். வீடு போய்ச் சேரும்வரை தன்னை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

"நம்ம ஊர்க்காரன் இப்படிச் செய்ய மாட்டான்," என்றான் ரெஜிஸ். "லியோன்காரனா இருக்கும். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நீ என்ன சொல்ற?"

"இருக்கும்," என்றாள் அர்மெல்.

சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. பேரில்லாத ஒரு லியோன்காரன் தலையில் கட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை, வழியும் பிழைக்கும். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டின் ஓரம்வரை போனாள். பின்னால் கன்றுக்குட்டி கத்தியது. அது தாயிடம் போவதும், உதை வாங்கித் திரும்புவதும், மறுபடி போவதுமாக இருந்தது. அர்மெல் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ரெஜிஸ், மூடினது நான்தான். நேத்து சாயங்காலம்."

அவன் கையில் சுத்தியலும் ஆணியும் இருந்தன. இரண்டையும் கீழே வைத்தான்.

"வீட்டுக்குப் போ. நாளைக்குப் பாக்கலாம்," என்றான்.

சிரில் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா தாயே! லியோன்காரன்னே விட்டிருக்கக் கூடாதா? அவன் என்ன வந்து கேக்கவா போறான்?"

"முடியல சிரில்."

அவன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். "சரி. வழி இல்லன்னா மில் வளைவுல நான் நிக்கிறேன். கொடி பிடிச்சு ஒவ்வொருத்தனா மெதுவா அனுப்புறேன்."

விபத்துக்குப் பிறகு அவன் அந்த வளைவில் கால் வைத்ததே இல்லை. அர்மெலுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு கட்டு அம்புக்குறி அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஒரு கட்டு மேய்ச்சல் நிலத்துக்கு, இன்னொன்று ரோட்டுக்கு. சிரில் கொடியோடு காரில் மில் வளைவுக்குப் போய்விட்டான்.

கேட் திறந்திருந்தது. கயிறு போய்ச் சங்கிலி வந்திருந்தது. கண்ணிமை வைத்த பசுவைக் காணவில்லை, புதுப் பலகை ஒன்று தொங்கியது.

'கேட்டைத் தொடாதே. திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும், மூடியிருந்தால் மூடியே இருக்கட்டும். அர்மெல், நீயும்தான்.'

அர்மெலுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. பனி இறங்கிய ராத்திரியில் எழுதியிருந்தால் விரலில் ஒட்டியிருக்கும்.

ஆற்றுப் பக்கத்திலிருந்து ரெஜிஸ் பால் புட்டியோடு வந்தான். பின்னால் கன்றுக்குட்டி.

"எப்ப எழுதின?"

"நேத்து. உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்த லியோன்காரன் கயித்த எட்டுப் போட்டுச் சுத்தி ஆணில மாட்டுவான்? ஸ்கூல்ல உன் ஸ்கிப்பிங் கயிறும் இப்படித்தான் தொங்கும்."

"நான் சொல்லாமப் போயிருந்தா?"

"பலகையத் திருப்பிப் பாரு."

திருப்பினாள். அதே பெயிண்ட், இன்னும் பெரிய எழுத்து. 'வழி கிடையாது.'

"நீ காட்டுப் பக்கம் போனப்ப அந்தப் பக்கத்தை வெச்சு அடிக்கத்தான் ஆணிய எடுத்தேன்," என்றான் ரெஜிஸ்.

அர்மெல் போனை எடுத்தாள். சிரிலைக் கூப்பிட்டாள்.

"சிரில், வழி இருக்கு. நீ அந்த வளைவ விட்டுக் கிளம்பு. இப்பவே கிளம்பு."

மறுமுனையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "மேசைய நீ சொன்னபடி சுவர் ஓரமாவே போடப் போறேன்," என்றான் சிரில்.

"எங்க வேணா போடு."

வெயில் ஏறியபோது முதல் கூட்டம் காட்டிலிருந்து இறங்கியது. முன்னால் வந்த ஆளின் சட்டையில் லியோன் சங்கத்தின் பெயர் இருந்தது. பலகையைப் படித்துவிட்டு ஒரு காலை ஊன்றி நின்றார்.

"யாருங்க இந்த அர்மெல்? அப்படி என்ன பண்ணாங்க?"

அர்மெல் தன் மஞ்சள் மேல்சட்டையில் எழுதியிருந்த பெயரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"லியோன்காரன் மேல பழிபோடத் தெரியாதவ," என்றான் ரெஜிஸ்.

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு, கேட்டில் முழங்கை பட்டுவிடாமல் ஒடுங்கிக்கொண்டு ஓட்டிப் போனார்.