ரேடியோ வந்த அடுத்த அறை

தனிக்கொட்டடியில் சலுகை என்று மூன்றுதான்: தினம் அரை மணி நேரம் முற்றத்தில் நடை, வாரம் ஒரு புத்தகம், மாதம் ஒருமுறை வீட்டார் சந்திப்பு. அடுத்த அறையோடு பேசி மாட்டினால் சந்திப்பு போய்விடும். ஐந்து மாதமாகத் தையல்காரனுக்கு அந்தக் கவலையே இல்லை. அடுத்த அறை காலியாகத்தான் கிடந்தது.

அங்கே வந்து சேர்ந்தான் பாருங்கள், ரேடியோ! காதில் விழுவதையெல்லாம் வார்டர்களுக்கு ஒலிபரப்பியதால் வந்த பட்டப்பெயர். இப்போது வார்டர்களைப் பற்றியே மேலதிகாரியிடம் வத்திவைத்து மாட்டிக்கொண்டான். சிறைத் தையல்கூடத்தில் கத்தரிக்கோல் காணாமல் போனபோது, டெய்லர்தான் ஒளித்துவைத்தார் என்று வாய் கூசாமல் பொய் சொன்னவன் இவன். அந்தப் பொய்யால்தான் தையல்காரனுக்கு இந்த ஆறு மாதத் தனிமை. ஒளித்தது ஆயுதம் என்பதால் அவனுக்கு மட்டும் முதல் மூன்று மாதம் சந்திப்பும் கிடையாது. அந்த மூன்று மாதத்துக்குள் தையல்காரனின் மகள் கல்யாணமாகி, விடைபெற வந்து, சிறை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, வெளிநாடு போய்விட்டாள்.

"அண்ணே, ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே. பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு."

சுவரைத் துளைத்துப் போகும் குழாய் வழியாக வந்தது குரல். ஆள் தெரியாமல் கெஞ்சுகிறான் என்று நினைத்த தையல்காரன், இரண்டு நாள் அவனைத் தவிக்கவிட்டான். இனித்தது. ஆனால் போதவில்லை.

வியாழக்கிழமை மனைவி வருகிறாளாம், பிறந்த குழந்தையை முதன்முதலாகக் காட்ட. அதையும் ரேடியோவே உளறினான்.

நடைக்கூடத்து முனையில் சாக்கடையை மூடிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. வார்டர் எவ்வளவு பதுங்கி வந்தாலும் அது 'டங்' என்று காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக வந்தவனுக்கு அது தெரியாது.

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 'டங்' என்றது.

"புள்ளைக்கு என்னப்பா பேரு?" என்று குழாயில் கேட்டுவிட்டுத் தையல்காரன் போய்ப் படுத்துக்கொண்டான்.

ரேடியோ கொட்டித் தீர்த்தான். பேர் இன்னும் வைக்கவில்லையாம், அவன் பார்த்த பிறகுதானாம், மூக்கு அப்படியே அவன் மூக்காம். கதவு திறந்தது.

"யார்கிட்டடா பேசுறே?"

தையல்காரன் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டான். இப்போது ரேடியோ ஒலிபரப்புவான், அடுத்த வாரம் வரவேண்டிய தன் மனைவியும் வரமுடியாது. போகட்டும், அதற்குத் துணிந்துதான் பேரைக் கேட்டான்.

"யார்கிட்டயும் இல்லைங்க. நானா பொலம்பிக்கிட்டிருந்தேன்."

"நாளைக்கு உனக்குச் சந்திப்பு கிடையாது."

வார்டர் போன பிறகு குழாயில் மெல்லக் கேட்டது. "டெய்லரண்ணே, இந்தத் தடவை நான் சொல்லலை."

எந்த அறையில் யார் என்று ரேடியோவுக்கா தெரியாது! தெரிந்தேதான் பேசியிருக்கிறான். தையல்காரன் துள்ளி எழுந்தான். பழிதீர்த்த சந்தோஷத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டானே, பாவி! வார்டர் கேட்டால் கேட்கட்டும் என்று குழாயில் வாயை வைத்துக் கத்தினான்.

"இந்த வாயை அன்னைக்கு மூடியிருந்தா, என் பொண்ணு முகத்தைப் பார்த்திருப்பேன்டா!"