இருபதா, பன்னிரண்டா

அவளுக்குப் பேருந்து ஓட்டுகிற வேலை. அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க அவள் ஊரைச் சுமந்து சுற்றுவாள். அவர் ஊராரின் கண்களைச் சோதித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் சேர்ந்து ஸ்கீட் மைதானத்துக்குப் போய், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டு வருவார்கள். இத்தனை நாளும் வாடகைத் துப்பாக்கி. இன்று சொந்தமாக ஒன்று வாங்க வந்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. வீட்டுக்கு ஒரு துப்பாக்கிக்குத்தான் அனுமதி. அதை வைத்துத்தான் இருவரும் மாற்றி மாற்றிச் சுடவேண்டும்.

அங்கேதான் வழக்கு. அவர் பன்னிரண்டு கேஜ் என்றார், அவள் இருபது என்றாள். கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். இந்த உலகத்தின் கணக்கே தலைகீழ். பன்னிரண்டு பெரிய குழல். தோட்டாவில் ஈயக் குருணை அதிகம், தட்டில் படுவது சுலபம். ஆனால் தோளுக்கு வந்து சேரும் உதையும் அதிகம். அவளுக்கோ ஒருமுறை மாடிப்படியில் உருண்டு, காறை எலும்பு ஒடிந்து கூடியிருந்தது. பன்னிரண்டை வாங்கினால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அத்தோடு முடிந்தது. பயணிகள் திட்டுவதையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறவளுக்கு, ஒரு தட்டு ஆகாயத்தில் தூளாகும் அந்த நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

காரில் வரும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். எலும்பெல்லாம் சாக்கு, உனக்கு உள்ளுக்குள் பயம், சத்தம் வருமுன்பே உடம்பு சுருங்கிப் போகிறது, அப்புறம் எந்தக் கேஜ் வாங்கித்தான் என்ன என்று கேட்டார். லாரி குறுக்கே விழுந்தாலும் இமை கொட்டாதவளிடம் பேசுகிற பேச்சா இது என்று அவள் கியரை மாற்றிக்கொண்டே திருப்பிக் கேட்டாள்.

மைதானத்தின் துப்பாக்கி அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு மேஜர் என்று பெயர். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மீசை வாங்கிக் கொடுத்த பட்டம். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று, முதலில் பன்னிரண்டை எடுத்து வந்தார். ஆளுக்கொரு பையில் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார்.

அவள்தான் முதலில் நின்றாள். "விடு" என்றாள். தட்டு வீசுகிற உயரக் கூண்டிலிருந்து ஒன்று சீறிக்கொண்டு வந்தது. சுட்டாள், உடைந்தது. தோளில் கழுதை உதைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் போட்டாள். தட்டு பறந்தது. விசையை இழுத்தாள்.

க்ளிக்.

வெடிக்கவில்லை. குழல் மட்டும் தட்டின் பின்னாலேயே போய், அது புல்லில் விழும்வரை வழியனுப்பிவிட்டு நின்றது. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று அவள் அதைத் திருப்பாமல் அசையாது நின்றாள்.

"இறக்கிடும்மா, வெடிக்காது," என்றார் மேஜர். "அது வெத்துத் தோட்டா."

"யார் போட்டது?"

மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். கணவர் காலால் புல்லைக் கிளறினார்.

"நான்தான் போடச் சொன்னேன். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல் துள்ளுச்சுன்னா அது பயம். உனக்கே புரியட்டுமேன்னு..."

பேருந்தில் சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவன்கூட முகத்துக்கு நேரேதான் பிடிக்கிறான். கட்டின புருஷன் அடுத்த ஆளோடு பேசிவைத்துக்கொண்டு தன்னைச் சோதித்திருக்கிறார்.

"துள்ளுச்சா?"

"இல்ல."

"அப்ப உங்க முறை."

அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய் நின்றார். முதல் தட்டு தப்பியது. காற்று என்றார். இலை கூட அசையவில்லை. அடுத்த தோட்டாவைப் போட்டு, "விடு" என்றார்.

க்ளிக்.

குழல் தரையைப் பார்த்து முக்குளித்தது. தோள் முன்னால் பாய்ந்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன; ஊசி போடும்போது குழந்தை மூடிக்கொள்ளுமே, அப்படி. பக்கத்தில் நின்ற அவள் அதைத் தெளிவாகப் பார்த்துவிட்டாள்.

"நியாயம்னா ரெண்டு பேருக்கும்தானே," என்றார் மேஜர், மெல்ல. "ஆளுக்கு ஒண்ணு போட்டேன்." சொல்லிவிட்டு, இருபதை எடுத்து வருவதாக அறைக்குள் போய்விட்டார்.

சிரிக்கத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. ஊரே கண்ணைக் காட்ட வருகிற மனிதர், கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்.

"எத்தனை நாளா?"

"போன வருஷம் இங்க நடந்த போட்டியில நிறைய சுட்டதுலேருந்து." சட்டைக் காலரை அவரே இழுத்துக் காட்டினார். வலது தோள் நீலமும் மஞ்சளுமாக, காயத்தின் மேல் காயமாகக் கன்றிக் கிடந்தது. "சத்தத்துக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது. தட்டு உடைஞ்சுச்சா இல்லையான்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவள் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளியலறையிலிருந்து அவர் சட்டையோடுதான் வெளியே வருவார். சுவரோரமாக, சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். தன்மேல் சலித்துவிட்டது என்று நினைத்து, கேட்கவும் கூசி, அவளும் முதுகைத் திருப்பிப் படுக்கப் பழகியிருந்தாள்.

"அப்ப செவுத்தப் பாத்துப் படுக்கிறது..."

"வலப்பக்கம் சாய முடியலம்மா."

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"பன்னெண்டுன்னு அவ்வளவு அலட்டிட்டு, எப்படிச் சொல்றது?"

அவள் அவருடைய காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

மேஜர் இருபதைக் கொண்டுவந்தார். துப்பாக்கி கனமாக இருந்தது, உதையை அதுவே வாங்கிக்கொள்ளும்; மஞ்சள் தோட்டாக்கள் ஒல்லியாக இருந்தன. அவள் அதைக் கணவரிடமே கொடுத்தாள். அவர் ஒன்றைச் சுட்டார், தப்பியது. காற்று என்று சொல்லவில்லை. இன்னொன்றைச் சுட்டார். தட்டு ஆகாயத்தில் சிதறி, துண்டு துண்டாகப் புல்லில் உதிர்ந்தது.

அவர் குழலை இறக்காமல் அப்படியே நின்றார்.

"பாத்தேன்," என்றார். "உடையறதைப் பாத்தேன்."

அவள் மேஜரிடம் திரும்பி, இருபதையே எழுதிக்கொள்ளச் சொன்னாள். கார்க் கதவைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள்:

"வெத்துத் தோட்டா போட்டதை நான் மறக்கல. அதை வீட்ல பேசிக்கிறேன்."

"சரி."

"இன்னைலேருந்து செவுத்தோரம் நான் படுத்துக்கிறேன். நீங்க பாட்டுக்கு எப்பவும் போல எடப்பக்கமே சாஞ்சு படுங்க."